மலைபடுகடாமும் மறுமுறைப் பயணமும்

கண்டு மகிழ்ந்த ஓர் இடத்திற்கு மீண்டும் ஒருமுறை செல்வதில் தனியானதோர் இன்பம் உண்டு. முதல் வருகையில் கண்கள் அலைகின்றன. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்னும் தவிப்பு நம்மை ஆட்கொள்கின்றது. மறுமுறை செல்லும்போது அத்தவிப்பு அடங்குகின்றது. வளைவில் நிற்கும் மரம் நமக்கு முன்பே அறிமுகமானது. ஓடையின் ஒலி எந்தத் திருப்பத்தில் கேட்கத் தொடங்கும் என்பதும் தெரிந்ததே. தெரிந்த ஒன்று மீண்டும் கிடைக்கும்போது உள்ளம் கொள்ளும் நிறைவைப் புதுமையால் ஈடு செய்ய முடிவதில்லை.

ஆயின் நம் பயண எழுத்தில் இந்த இன்பத்திற்கு உரிய இடம் கிடைத்துள்ளதா? தமிழில் இன்று வெளிவரும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் வருகையின் எழுத்துகளே. போனேன், கண்டேன், வியந்தேன், திரும்பினேன் என்னும் நான்கு வினைமுற்றுகளுக்குள் அவை அடங்கிவிடும். மீண்டும் சென்றவர் எழுதுவது அரிது. அப்படியே எழுதினாலும், முன்பு இருந்த அழகு இப்போது இல்லை என்னும் புலம்பலாகவோ, இப்போதும் அப்படியே இருக்கின்றது என்னும் பெருமூச்சாகவோ அது முடிந்துவிடுகின்றது. மீள்வரவின் மகிழ்ச்சியைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு அறிந்திருந்தது, நாம் அதை எங்கே தவறவிட்டோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு உரைகல்லாக ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பழம் பாட்டையும் எடுத்துக்கொள்வோம்.

கரியாலூரும் அதைப் பற்றிய எழுத்தும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து சேலம் மாவட்டத்திற்குள்ளும் பரந்து கிடக்கின்றது. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பகுதிகளாக அதைச் சொல்வது வழக்கம். அடிவாரத்தில் கோமுகி அணை. மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்கள். கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் உண்டு. மேகம் அருவி, பெரியார் அருவி எனப் பெயர் பெற்ற நீர்வீழ்ச்சிகள் இம்மலையில் உள்ளன. கோடை விழாவும் மலையில் நடைபெறுவதுண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்துச் சிற்றூர் மக்களுக்கு உதகையும் கொடைக்கானலும் செலவுமிக்க கனவுகள். கரியாலூரோ காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய குளிர்ச்சி. ஆகவேதான் அவர்கள் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் அங்குச் செல்கின்றனர்.

நம்முடையது வெப்பமண்டல நாடு. இங்கே ஆண்டைப் பிரித்துக் காட்டுவது பெரிதும் மழையே. வைகாசியில் பாறையின்மேல் வெள்ளி நூல்போல் இழியும் அருவி, ஐப்பசி அடைமழைக்குப்பின் அணுக முடியாத ஆரவாரமாகிவிடும். பழுப்பேறிக் கிடந்த சரிவு சில வாரங்களில் பசுமை போர்த்துக்கொள்ளும். எனவே இத்தகைய மலைக்கு இரண்டாம் முறை செல்பவர் உண்மையில் வேறொரு மலையைக் காண்கின்றார். கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் சென்றவரே கரியாலூரைக் கண்டவர் ஆவார்.

இம்மலையைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளையும் கட்டுரைகளையும் படித்துப் பாருங்கள். 'இயற்கை எழில் கொஞ்சும்' என்னும் தொடரோடு தொடங்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அருவிக்கு எந்த வழி, படகில் எவ்வளவு நேரம், உணவு எங்கே கிடைக்கும் என்பன வரிசையாக வரும். 'குடும்பத்துடன் கண்டுகளிக்க ஏற்ற இடம்' என்று முடியும். இவற்றில் பொய் ஏதும் இல்லை, பயனும் உண்டு. ஆயினும் இக்கட்டுரையில் கரியாலூர் என்னும் சொல்லை எடுத்துவிட்டு ஏற்காடு என்றோ ஏலகிரி என்றோ எழுதிவிட்டால், பெரும்பாலும் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. எந்த மலைக்கும் பொருந்தும் கட்டுரை எந்த மலையையும் பற்றியது அன்று. இதுவே இவ்வகை எழுத்தின் முதற் குறை.

திரும்பி வருபவனின் இலக்கியம்

இக்குறையை உணர வேண்டுமாயின் நம் மொழியின் மிகப் பழைய பயண இலக்கியத்திற்குச் செல்ல வேண்டும். அதுவே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆற்றுப்படையின் அமைப்பை நாம் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம்: வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்லி அவனையும் அவ்வள்ளலிடம் அனுப்பி வைக்கின்றான். தேர்வுக்காகப் படித்த இந்த இலக்கணத்தில் ஒரு செய்தியை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். இங்கே பேசுபவன் திரும்பி வருபவன். அவன் பயணம் முடிந்துவிட்டது. வீட்டை நோக்கி நடந்துகொண்டிருக்கின்றான். அந்நிலையிலும் வழியில் நின்று, தான் கண்டதைப் பசித்த ஒருவனுக்காக மீண்டும் ஒருமுறை மனத்தால் நடந்து காட்டுகின்றான். மீள்பயணம் என்பது தமிழில் முதன்முதலாகப் பிறருக்காக நிகழ்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வைந்தனுள் மலையைப் பற்றியது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளைக் கொண்டது. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். உ.வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது இப்பாட்டும் அச்சேறி நம் கைக்கு வந்தது. நன்னனின் ஊராகிய செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்றும் அறிஞர் கருதுவர். சேயாறு இன்றும் செய்யாறு என்னும் பெயரில் ஓடுகின்றது. செங்கம் கல்வராயன் மலைக்கு வடக்கே, அதிகத் தொலைவில் இல்லாத ஊர். ஆகவே மலைபடுகடாம் நம் மலைகளின் அண்டை வீட்டுப் பாட்டு. கரியாலூரைப் பற்றி எழுத விரும்பும் ஒருவர் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் அது.

அப்பாட்டின் வழிகாட்டி என்ன சொல்கின்றான்? முழவு, ஆகுளி, பாண்டில் முதலிய இசைக்கருவிகளைச் சுமந்து வரும் கூத்தர்க்கு, வழியின் அழகை மட்டும் சொல்லி அவன் நிறுத்தவில்லை. எங்கே வழுக்கும், எங்கே காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி மறைந்திருக்கும், எங்கே பாம்பு உண்டு, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்த இடத்தில் பறந்து வரும் என்று சொல்கின்றான். வழியில் நடுகற்கள் நிற்கும். அவற்றை வணங்கிச் செல்லுமாறு அறிவுறுத்துகின்றான். குறிஞ்சி நிலச் சிற்றூரில் தினைச்சோறும் இறைச்சியும் கிடைக்கும். ஆயர் பால் தருவர். மூங்கிலரிசியும் அவரையும் சேர்த்துச் சமைத்த புளிங்கூழ் வீடுதோறும் கிடைக்கும் என்று, யார் கையால் எது கிடைக்கும் என்பதையும் சொல்கின்றான். மலைவாணர்கள் முன்பின் அறியாத கூத்தரை உறவினர்போல் வரவேற்பர் என்னும் உறுதியையும் தருகின்றான்.

இன்றைய கட்டுரையில் 'உணவு விடுதிகள் உள்ளன' என்னும் ஒரு வாக்கியம் இருக்கின்றது. பழைய பாட்டில் உணவைத் தருபவரின் முகம் இருக்கின்றது. வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது.

மலையின் ஓசைகள்

மலைபடுகடாம் என்னும் பெயரே ஓர் உவமை. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வகை ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் புலவர் கண்டார். பாட்டின் நடுவே அவ்வோசைகளை அடுக்கிச் சொல்லும் பகுதி, உலகப் பயண இலக்கியத்திலேயே தனித்து வைக்கத்தக்கது. அருவியின் ஓசை அங்கே உண்டு. ஆனால் அது பல ஓசைகளுள் ஒன்றே. தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு உண்டு. பாறைப் பிளவில் தன் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் அலறல் உண்டு. தேன் எடுத்த குறவரின் ஆரவாரம் உண்டு. இவற்றுக்கிடையே, புலி பாய்ந்து கணவனின் மார்பில் ஏற்பட்ட புண் ஆறுவதற்காக, அவன் அருகிருந்து பாடும் மனைவியின் பாட்டும் கேட்கின்றது.

வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். பரிசில் பெறச் செல்லும் கூத்தனுக்கு, காயம்பட்ட வேட்டுவனின் வீட்டுப் பாட்டை எதற்காகச் சொல்ல வேண்டும்? வழிக்கு அது அடையாளமும் அன்று. வள்ளலின் புகழுக்கு அது துணையும் அன்று. மலை என்றால் அதுவும் சேர்ந்ததே என்று புலவர் கருதினார், விடை அவ்வளவே. மலையின் இன்னோசையும் அதன் துன்ப ஓசையும் ஒரே மதநீராகப் பெருகுகின்றன. இரண்டையும் கேட்டவனே மலையைக் கேட்டவன்.

இத்தகைய கேட்டல் ஒரே வருகையில் வாய்ப்பதில்லை. முதல் நாளில் அருவிதான் காதை நிறைக்கும். அருவியின் ஓசைக்கு அடியில் மனிதக் குரல் இருக்கின்றது என்பது, அருவிக்குப் பழகிய காதுக்கே கேட்கும். மீண்டும் செல்வதன் பயன் இங்கே வெளிப்படுகின்றது. மறுமுறை சென்றும் அருவியை மட்டுமே கேட்டுத் திரும்புபவர் முதல் வருகையையே இரண்டாம் முறையும் செய்தவர் ஆவார்.

நடுவுநிலையோடு பேசுவதாயின் ஆற்றுப்படையின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது புரவலனைப் புகழ எழுந்த இலக்கியம். மலைவாணர்கள் அதில் விருந்தோம்புகின்றனர், பாடுகின்றனர், உழைக்கின்றனர். ஆனால் அவர்களுள் ஒருவருக்கும் பெயர் இல்லை. பாட்டின் ஒளி முழுவதும் இறுதியில் நன்னன்மேல் சென்று விழுகின்றது. கூத்தன் பரிசிலோடு திரும்பிய பின்னர், கூழ் கொடுத்த குடிசைக்கு என்ன கிடைத்தது என்று பாட்டு கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆயினும் அதே பாட்டின் இறுதிப் பகுதியில் மீள்வரவுக்கு இலக்கணமாகத்தக்க ஒரு கருத்து உண்டு. நன்னனிடம் எத்தனை நாள் தங்கினாலும், முதல்நாள் காட்டிய அதே விருப்பத்தோடு அவன் பேணுவான் என்று கூத்தன் உறுதி கூறுகின்றான். தகடூர் அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றும் இதையே சொல்கின்றது: பல நாள், பலரோடு, மீண்டும் மீண்டும் சென்றாலும் அவன் முகம் முதல்நாள் இருந்ததைப் போலவே இருந்ததாம். அந்தத் தகடூர் இன்றைய தருமபுரி. அதுவும் இம்மலைநாட்டின் அயலதே. மீண்டும் செல்லும் இன்பம் செல்பவனின் உள்ளத்தில் மட்டும் பிறப்பதன்று. வரவேற்பவர் முகத்திலும் பிறக்கின்றது என்பதை இவ்விரு பாட்டுகளும் அறிந்திருந்தன. அந்த முகத்தைப் பாராதவர் தம் மகிழ்ச்சியில் பாதியை இழந்தவரே.

மேனாட்டார் இருவர்

மீள்வரவைப் பாடுபொருளாகக் கொண்ட மேனாட்டுப் படைப்புகளுள் இரண்டை இங்கு ஒப்புநோக்குதல் பயன்தரும்.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1793-இல் வை ஆற்றங்கரைக்குச் சென்றார். ஐந்தாண்டுக்குப்பின் 1798-இல் தம் சகோதரியோடு மீண்டும் சென்றபோது எழுதிய கவிதை, டின்டர்ன் மடத்தின் பெயரால் புகழ்பெற்றது. அந்த மடம் சிஸ்டர்சியன் துறவியருடையது. எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1536-இல் மூடப்பட்டுப் பாழாயிற்று. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்னும் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நிலவிய அவ்விடத்தில், பின்னாளில் வறியவர்கள் ஒண்டிக் கிடந்தனர். வில்லியம் கில்பின் என்பவர் 1782-இல் வெளியிட்ட வை ஆற்றுப் பயண நூலில் அவர்களின் இரங்கத்தக்க நிலையை விவரித்துள்ளார். ஆனால் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் அவர்கள் இல்லை. வீடற்று அலைவோரைப் பற்றிய மெல்லிய ஒரு சாயல் மட்டுமே உண்டு. கவிஞர் மீண்டும் சென்று கண்டது தம்மையே: தாம் எவ்வளவு வளர்ந்துவிட்டோம், எதை இழந்தோம், எதைப் பெற்றோம் என்பதையே. அழகு மிகுந்த அக்கவிதையின் இக்குறையை 1980-களின் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அவர்களின் கடுமை சில இடங்களில் மிகுதியென்றே தோன்றும். தன்னுள் நோக்குதலும் கவிஞனுக்கு உரிமையானதே. எனினும் அவர்கள் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

டென்மார்க்கு நாட்டுச் சிந்தனையாளர் கீர்க்ககார்டு 1843-இல் 'மீள்நிகழ்வு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வரும் கான்ஸ்தாந்தின் என்னும் கதைமாந்தர், ஒருமுறை மகிழ்ந்திருந்த பெர்லின் நகருக்கு மீண்டும் செல்கின்றார். மகிழ்ச்சி மீண்டும் நிகழக்கூடியதா என்று சோதிப்பதே அவர் நோக்கம். அதே விடுதி, அதே நாடக அரங்கு. ஆனால் வீட்டுக்காரர் இடைக்காலத்தில் திருமணம் செய்துகொண்டதால் பழைய அறைகள் கிடைக்கவில்லை. அரங்கில் பழைய இருக்கை கிடைக்கவில்லை, நாடகம் சிரிப்பூட்டவில்லை. சோதனை தோல்வியில் முடிகின்றது. அதே நூலில் வேறோர் இளைஞன் யோபு நூலைப் படிக்கின்றான். எல்லாவற்றையும் இழந்தபின் இறைவன் தந்ததை மீண்டும் பெற்ற யோபுவிடம் மீள்நிகழ்வின் உண்மைப் பொருளைத் தேடுகின்றான்.

இந்நூல் நமக்குக் கற்பிப்பது தெளிவு. பழைய மகிழ்ச்சியை வலிந்து கைப்பற்றச் செல்பவன் வெறுங்கையோடு திரும்புகின்றான். மீள்வரவின் இன்பம் பிடித்துக்கொள்வதனால் வருவதன்று. கொடையாகப் பெறுவதனால் வருவது.

நம் இக்காலத் தமிழிலும் இவ்வுண்மையை உணர்ந்த எழுத்து இல்லாமற் போகவில்லை. 1971-இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி காவேரி' அத்தகையது. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதிய அந்நூலில், காவிரி நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜானகிராமன் தம் ஆற்றையே மீண்டும் தேடிப் போகின்றார். கோயில்களும் அணைகளும் அதில் வருகின்றன; வழியில் எதிர்ப்பட்ட மனிதரும் அவர்தம் பேச்சும் வருகின்றனர். ஆற்றுப்படையின் மரபு முற்றும் அறுந்துவிடவில்லை என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

யாருடைய மீள்வரவு?

கரியாலூருக்குத் திரும்புவோம். இம்மலையின் மக்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். அப்பெயர் மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களின் வழிவழிக் கதை. சாமையும் கேழ்வரகும் மழையை நம்பி விதைப்பவர்கள். தேனும் கடுக்காயும் திரட்டுபவர்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும் இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில்தான் அம்முறை முடிவுக்கு வந்தது. அதாவது, சமவெளியில் நாம் பல பொதுத் தேர்தல்களில் வாக்களித்து முடித்த பின்னரும் இங்கே ஜாகீர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 'கண்டுகளிக்க ஏற்ற இடம்' என்று எழுதும் கட்டுரைகளில் இந்த ஆண்டு இடம்பெறுவது அரிது.

இன்னுமொரு செய்தி. கரியாலூருக்கு நாம் மீண்டும் மீண்டும் செல்வதைப் போலவே, கரியாலூரிலிருந்து வெளியே சென்று மீண்டும் மீண்டும் திரும்புவோரும் உள்ளனர். விளைச்சல் போதாத நிலையில் இம்மலை மக்கள் பலர் கேரளம், கருநாடகம் முதலிய மாநிலங்களின் தோட்டங்களுக்கும், தொலைவிலுள்ள நகரங்களுக்கும் கூலி வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியிலோ பாட்டியிடமோ விட்டுச் செல்வோர் உண்டு. விதைப்புக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவர்கள் மலையேறித் திரும்புகின்றனர். ஒரே பேருந்தில், ஒரே வளைவுகளில், இளைப்பாறச் செல்லும் நம் மீள்வரவும் இளைத்துத் திரும்பும் அவர்கள் மீள்வரவும் அருகருகே அமர்ந்து பயணம் செய்கின்றன. அன்புக்குரிய மலைக்குத் திரும்பும் மகிழ்ச்சி என்று ஒரு கட்டுரை எழுதப்படுமாயின், அந்த மகிழ்ச்சிக்கு முதல் உரிமையுடையவர் யார்? நமக்கு அம்மலை ஒரு நாள். அவர்களுக்கு அது வீடு.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது கல்வராயன் மலையின் பெயரும் நாடெங்கும் பேசப்பட்டது. சாராயம் காய்ச்சும் மலை என்று ஒரே சொல்லில் அது முத்திரை குத்தப்பட்டது. ஆலைப் பயன்பாட்டுக்குரிய நஞ்சாகிய மெத்தனால் மலையில் விளைவதன்று என்பதைப் பலர் எண்ணவில்லை. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் குறைகளைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. சுற்றுலாக் குறிப்பில் அருவியாகவும், குற்றச் செய்தியில் சாராய ஊறலாகவும் தோன்றிய மலை, அந்த வழக்கில்தான் மக்கள் வாழும் இடமாகப் பலர் கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்தாளர் செய்திருக்க வேண்டிய பணி அது.

எம் பங்கு மலருக்கு இளையோர் எழுதித் தரும் கட்டுரைகளில் கரியாலூர்ச் சுற்றுலா அடிக்கடி வருவதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை முன்சொன்ன அச்சில் வார்க்கப்பட்டவையே. ஒரு கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. இரண்டாம் ஆண்டும் சென்ற ஒரு கல்லூரி மாணவி எழுதியது அது. வழியோரம் கொய்யாப்பழம் விற்ற மூதாட்டி அவளை அடையாளம் கண்டு, "போன வருசம் வந்த புள்ளதானே நீ? உங்கூட வந்த தம்பி எங்கே, காணோம்?" என்று கேட்டாராம். அவர் தன்னை நினைவில் வைத்திருந்ததையும், அவர் பெயரைக்கூடத் தான் முன்பு கேட்டிராததையும் அம்மாணவி எழுதியிருந்தாள். அடுத்து அவர் பெயரையும், கேரளத் தோட்டத்திற்குச் சென்றிருக்கும் அவர் மகனைப் பற்றியும் கேட்டறிந்து நான்கு வரிகள் எழுதியிருந்தாள். நடை திருத்தமாக இல்லை. எழுத்துப் பிழைகளும் இருந்தன. ஆயினும் முதல்நாள் முகம் மாறாத வரவேற்பைப் பாடிய ஔவையாரின் மரபில் வைத்து எண்ணத்தக்கவை அந்த நான்கு வரிகள். விருந்தினர் மறந்ததை விருந்தளித்தவர் நினைவில் வைத்திருந்தார்.

திரும்பி வந்து நன்றி கூறியவர்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆண்டு முழுதும் உழைத்துக் களைத்தவர் ஒருநாள் குளிர்ந்த காற்றைத் தேடிப் போகின்றார். அங்கேயும் அவருக்குக் கடமையைச் சொல்ல வேண்டுமா? நியாயமான கேள்வி. ஓய்வு இறைவன் தந்த கொடை. பணியில் களைத்த திருத்தூதரைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்க அழைத்தவர் நம் ஆண்டவரே என்பதை மாற்கு நற்செய்தி காட்டுகின்றது. சேமித்த பணத்தில் பிள்ளைகளைப் படகில் ஏற்றி மகிழும் ஏழைத் தந்தையின் இன்பத்தில் குறை காண்பது பாவம். அந்த மகிழ்ச்சி முழுமை பெறுவது எப்படி என்பதே நம் கேள்வி.

திருவிவிலியம் மீள்வரவுகள் நிறைந்த நூல். யாக்கோபு தப்பி ஓடும் வழியில் பெத்தேலில் கனவு கண்டார். பல ஆண்டுக்குப்பின் மீண்டும் அங்குச் செல்லுமாறு இறைவன் பணித்தபோது, தம் வீட்டார் வைத்திருந்த வேற்றுத் தெய்வச் சிலைகளைக் கருவாலி மரத்தடியில் புதைத்துவிட்டுச் சென்று, அங்கே பலிபீடம் கட்டினார். அன்பு கொண்ட இடத்திற்குத் திரும்புவதற்கும் ஓர் ஆயத்தம் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. நலம் பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் ஒருவரே திரும்பி வந்தார், அவரும் சமாரியர். உடல்நலம் பத்துப் பேருக்கும் கிடைத்தது. ஆண்டவரின் முகத்தை மீண்டும் காணும் மகிழ்ச்சி திரும்பி வந்த ஒருவருக்கே கிடைத்தது. திருத்தூதர் பவுலோ, முன்பு நற்செய்தி அறிவித்த ஊர்களுக்கெல்லாம் மீண்டும் சென்று அங்குள்ள சகோதரர் எப்படி இருக்கின்றனர் என்று பார்த்துவருவோம் எனப் பர்னபாவை அழைத்தார். மீள்பயணத்திற்கு இதைவிட எளிய காரணம் வேறில்லை: அவர்கள் எப்படி இருக்கின்றார்கள்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல், நிலத்தோடு பிணைந்து வாழும் பழங்குடி மக்களைத் தனிக் கருத்துடன் நோக்குமாறும், அவர்களின் நிலத்தைத் தொடும் திட்டங்களில் அவர்களையே முதன்மையான உரையாடல் துணைவராகக் கொள்ளுமாறும் கேட்கின்றது. திட்டம் தீட்டுவோருக்கு மட்டுமன்றி, எழுதுவோருக்கும் பயணம் செய்வோருக்கும் இது பொருந்தும். அழகிய நிலத்தை அதில் வாழ்வோரிடமிருந்து பிரித்துப் பார்ப்பது, ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டாரை மறந்துவிடுவதை ஒக்கும்.

நாம் ஞாயிறுதோறும் ஒரே பீடத்திற்குத் திரும்புகின்றோம். ஒரே மன்றாட்டு, ஒரே அப்பம், ஒரே கிண்ணம். புதுமை தேடுபவர் சலித்துக்கொள்ளக்கூடும். ஆனால் அங்கு நாம் நினைவுகூர்வது நமக்காகத் தம்மைத் தந்த ஒருவரை. அதனால்தான் அது பழகிப் போகாமல் இருக்கின்றது. நினைவுகூர்தலும் நன்றியும் உள்ள இடத்தில் மீள்வரவு சலிப்பாவதில்லை. திருப்பலியில் கற்கும் இப்பாடத்தை மலைப்பாதையில் மறந்துவிட வேண்டியதில்லை.

ஆகவே இனி ஒரு பயணக் கட்டுரையைப் படிக்கும்போது வாசகர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இக்கட்டுரையில் வரும் ஊர்ப்பெயரை மாற்றினால் கட்டுரை மாறுமா? அருவியின் ஓசைக்கு அடியில் மனிதக் குரல் ஏதேனும் கேட்கின்றதா? இதை எழுதியவர் மீண்டும் அங்குச் சென்றால், 'வந்துவிட்டாயா' என்று கேட்க அங்கே யாரேனும் இருப்பார்களா? இம்மூன்றுக்கும் விடை உள்ள எழுத்தே ஆற்றுப்படையின் வழியில் வந்தது. அதுவே பசித்தவனுக்கு வழி காட்டும்.

வரும் மழைக்குப்பின் கரியாலூர் மீண்டும் பசுமை போர்த்திக்கொள்ளும். அருவிகள் நிறையும். செல்ல விரும்புவோர் செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள், நன்றாக மகிழுங்கள். குடிநீர்ப் புட்டியையும் நெகிழித் தாளையும் மலையில் விட்டு வராதீர்கள். உங்களுக்குத் தேநீர் தருபவரின் பெயரைக் கேட்டறியுங்கள்; அடுத்த முறை செல்லும்போது அவரைப் பெயர் சொல்லி அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வழிகாட்டி நூல் எதிலும் குறிக்கப்படாத கரியாலூர் அவர் சொல்லும் விடையில் உங்களுக்குக் கிடைக்கும்.